பிக்கப்பின் ஹீட்டர் ஹோஸ் தேய்ந்துவிட்டதா? எந்த ஹோஸ், எந்தக் கிளாம்ப், யார் கையால்

இருபது வயதைத் தொடும் ஒரு ஷெவ்ரலே சில்வராடோ 1500, 5.3 லிட்டர் வி8 எஞ்சின். கனடாவிலும் அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் கட்டட வேலைக்கும் பனி தள்ளுவதற்கும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளில் இது இன்னும் சாதாரணமாகக் கண்ணில் படும். எஞ்சின் நன்றாக இருக்கும், கியர்பாக்ஸ் பரவாயில்லை, அடிப்பக்கம் துரு. அக்டோபரில் ஒருநாள் பானட்டைத் திறந்தால் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவிலிருக்கும் தடுப்புச் சுவர்) ஓரத்தில் ஆரஞ்சுக் கறை காய்ந்து கிடக்கிறது, வண்டி நின்ற இடத்தில் இனிப்பு வாடை அடிக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைச் சூடாக உள்ளேயிருக்கும் ஹீட்டருக்குக் கொண்டுபோய்த் திருப்பும் குழாய், அதாவது ஹீட்டர் ஹோஸ், போகத் தொடங்கிவிட்டது. என்ன வாங்குவது, யாரிடம் கொடுப்பது என்று உதிரிபாகக் கடையில் கேட்டால் ஒரு பதில், கராஜில் கேட்டால் இன்னொன்று, கூட வேலை செய்பவரைக் கேட்டால் மூன்றாவது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பிக்கப்களுக்கு, அந்த வண்டிக்கென்றே வளைத்து வார்த்த ரப்பர் ஹோஸ்களை வாங்கி, போகும் ஹோஸ், திரும்பும் ஹோஸ் இரண்டையும் ஒரே நாளில் மாற்றுவதுதான் சரி. சிலிக்கன் ஹோஸ் தேவையில்லை. வெட்டி ஒட்டுவது வீடு வந்து சேர மட்டும். ஆனால் இந்த விஷயத்தில் எல்லோரும் ரப்பரைப் பற்றியே பேசுகிறார்கள். அடுத்த பத்து வருடம் நிம்மதியா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது ஹோஸின் இரண்டு முனைகளிலும் இருப்பவைதான்: ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்பும், ஃபயர்வால் பக்கத்து பிளாஸ்டிக் இணைப்பும். கீழே அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

தள்ளிப்போடலாமா?

ஹீட்டர் ஹோஸ் குளிர்காலத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்து ஏப்ரலில் கசிவைப் பார்த்தும் விட்டுவிடுபவர்கள் உண்டு. இந்த சில்வராடோவில் ஹீட்டருக்குப் போகும் வழியில் வால்வே கிடையாது. வாட்டர் பம்ப்பிலிருந்து வரும் கூலன்ட் ஜூலை மாதத்திலும் ஹீட்டர் கோர் (உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) வழியாகச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே சூடு வருவதும் வராததும் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு சிறு கதவு காற்றை எந்தப் பக்கம் திருப்புகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே கோடையில் இந்த ஹோஸ் வெடித்தாலும் எஞ்சினின் கூலன்ட் மொத்தமும் அதே ஓட்டை வழியாகத்தான் வெளியேறும். இந்த எஞ்சினின் பிளாக் பெரும்பாலும் இரும்பு, ஹெட் அலுமினியம். கூலன்ட் இல்லாமல் சில நிமிடம் ஓட்டினாலே அலுமினியம் வளையத் தொடங்கும்.

சிறு கசிவுகூட அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் திறந்த பாத்திரத்தில் அது சுமார் 106 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். வண்டிக்குள் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் கொதிநிலை 129 டிகிரி வரை ஏறுகிறது. கசியும் ஹோஸ் அந்த அழுத்தத்தை நிற்க விடாது. சொட்டுச் சொட்டாகப் போகும் கூலன்ட்டைவிட, கூடவே போய்விடும் இந்த இருபது டிகிரிப் பாதுகாப்புதான் பெரிய இழப்பு. மேட்டில் ட்ரெய்லர் இழுக்கும்போது அது தெரியும்.

குளிர்காலத்தில் வேறொரு சங்கடம். சூடு இல்லையென்றால் முன்கண்ணாடியில் பனி உருகாது. கைக்கு உறை போட்டுச் சமாளிக்கலாம், கண்ணாடி தெரியாமல் ஓட்ட முடியாது.

ஹோஸ்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

புது ஹோஸ் வாங்கி மாட்டிய பிறகு, கசிந்தது ஹீட்டர் கோர் என்று தெரிந்தால் செலவு இரட்டிப்பு. வேறுபாடு எளிது. ஈரம் எஞ்சின் பக்கம் இருந்தால் ஹோஸ், கிளாம்ப், இணைப்பு, வாட்டர் பம்ப் ஆகியவற்றில் ஒன்று. பயணி பக்கத்துக் கால்விரிப்பு நனைந்திருந்தாலோ, முன்கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப்பசையாக மங்கினாலோ கோர். கோர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. பல பிக்கப்களில் அதை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், ஒரு நாள் கூலி அதற்கே போய்விடும்.

சூடு வராததுதான் உங்கள் குறை என்றால் எஞ்சின் நன்றாகச் சூடான பின் ஃபயர்வாலுக்குள் போகும் இரண்டு ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி சுட்டால் கூலன்ட் ஒழுங்காகப் போய்வருகிறது, குறை உள்ளேயிருக்கும் கதவில். ஒன்று சுட்டு மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் கோர் அடைத்திருக்கிறது அல்லது காற்று சிக்கியிருக்கிறது. இந்த இரண்டு குறைகளுக்கும் ஹோஸ் மாற்றுவது மருந்தல்ல.

ஹோஸைச் சோதிக்க, எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வெளியே பளபளப்பாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். இந்த ரப்பர் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே கெடுகிறது. கூலன்ட், அது தொடும் உலோகம், ரப்பரில் கலந்திருக்கும் கரி மூன்றும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம் போல வேலை செய்கின்றன. அதனால் ஹோஸின் உட்சுவரில் நீளவாக்கில் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. விரிசல் வழியே கூலன்ட் நடுவிலிருக்கும் நூல் வலையை எட்டுகிறது, அதுவும் நைந்துபோகிறது. இந்தச் சிதைவு ஹோஸின் நடுப்பகுதியைவிட முனைகளுக்கு அருகில் அதிகம். அதனால் கிளாம்பிலிருந்து ஓரிரு அங்குலம் தள்ளி விரலாலும் கட்டைவிரலாலும் பிடித்து அழுத்துங்கள். உள்ளே கோடு கோடாகப் பள்ளம் தட்டுப்பட்டாலோ, நடுப்பகுதியைவிட முனை தொளதொளவென்று இருந்தாலோ அந்த ஹோஸின் காலம் முடிந்துவிட்டது. கல் போல இறுகி, அழுத்தும்போது நொறுங்கும் சத்தம் வந்தால் சூட்டினால் போனது. பிசுபிசுவென்று உப்பியிருந்தால் மேலே எங்கிருந்தோ எஞ்சின் ஆயில் சொட்டுகிறது. இந்த வகை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. ஆயில் கசிவை முதலில் நிறுத்தாமல் புது ஹோஸ் போட்டால் அதுவும் உப்பும்.

வார்த்த ஹோஸா, அடிக்கணக்கில் வாங்கும் ஹோஸா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

வார்த்த ஹோஸ் என்பது உங்கள் வண்டியின் வருடம், எஞ்சின் இரண்டுக்கும் பொருத்தமாகத் தொழிற்சாலையிலேயே வளைவுகளோடு செய்து வருவது. டீலரிடம் கிடைக்கும். கேட்ஸ், டேகோ, கான்டினென்டல் போன்றோரின் தயாரிப்பு சாதாரணக் கடைகளில் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அடிக்கணக்கில் விற்பது நேரான குழாய். சுருளிலிருந்து வெட்டித் தருவார்கள், அடிக்குச் சில டாலர்தான். இரண்டும் இபிடிஎம் என்ற அதே ரப்பர்தான். நல்ல தயாரிப்பாக இருந்தால் சுமார் 125 டிகிரி வரை தாங்கும். தரத்தில் ஏமாறாமலிருக்க, ஹோஸின் மேலேயே எஸ்ஏஇ ஜே20 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது கூலன்ட் ஹோஸ்களுக்கான அமெரிக்கத் தரநிர்ணயம். காற்று அடிக்கும் ஹோஸ், தோட்ட ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். அவற்றை இங்கே மாட்டக்கூடாது.

ரப்பர் ஒன்றென்றால் ஏன் கூடுதல் பணம்? வளைவுக்குத்தான். நேரான குழாயைக் குறுகிய இடத்தில் மடக்கினால் அது நசுங்கி, ஓட்டம் பாதியாகக் குறையும். இன்று நசுங்கவில்லை என்றாலும் சூடேறி இளகிய பிறகு நசுங்கலாம். சுற்றி வளைத்துக் கொண்டுபோனால் எக்ஸாஸ்ட் குழாய்ப் பக்கமோ பெல்ட் பக்கமோ சாய்ந்து உரசும். சில வண்டிகளில் ஹோஸ் அல்லது அதன் இணைப்புக்குள் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு துளைத் தடுப்பு ஒன்று இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது கூலன்ட் பாய்ந்து கோரின் மெல்லிய குழல்களை அரித்துவிடாமல் காப்பது அது. பழைய ஹோஸைத் தூக்கியெறிந்துவிட்டு நேர்குழாய் போட்டால் தடுப்பும் குப்பைக்குப் போய்விடும். எறிவதற்கு முன் இரண்டு முனைகளிலும் வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் பேச வேண்டும். வாட்டர் பம்ப்பிலிருந்து ஃபயர்வாலுக்குக் கிட்டத்தட்ட நேராகப் போகும் வண்டிகளில் நேர்குழாய் முழுத் தகுதியுள்ள தேர்வு. நம் சில்வராடோ அதற்கு நல்ல உதாரணம். பம்ப்பின் ஹீட்டர் முனைகளும் கோரின் குழாய்களும் பயணி பக்கமே இருக்கின்றன. கைக்கு எட்டும், கண்ணுக்குத் தெரியும், வளைவுகளும் தாராளமானவை. பம்ப்பில் ஒரு முனை 5/8 அங்குலம், மற்றது 3/4 அங்குலம். அதாவது சுமார் 16 மில்லிமீட்டர், 19 மில்லிமீட்டர். இரண்டையும் தனித்தனியாக அளந்து வாங்குங்கள். "கொஞ்சம் பெரிசுதான், கிளாம்பால் இறுக்கிவிடலாம்" என்று 5/8 முனையில் 3/4 ஹோஸை மாட்டினால் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பு வழியே கசியும்.

நேர்குழாய்க்கு இன்னொரு அனுகூலம், நேரம். சனிக்கிழமை மாலை வார்த்த ஹோஸ் கையிருப்பில் இல்லாமல் செவ்வாய்க்கிழமைதான் வரும் என்பார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவருக்கு அடிக்கணக்கு ஹோஸ்தான் கைகொடுக்கும். வளைவில் நசுங்கும் என்ற பயமிருந்தால் அந்த இடத்தில் மட்டும் வார்த்த முழங்கை ஒன்றை வாங்கி இணைக்கலாம். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் இரண்டு கிளாம்ப், ஒவ்வொரு கிளாம்பும் நாளைக்கு ஒரு கசிவுக்கான வாய்ப்பு. மூன்று நான்கு இணைப்பு தேவைப்பட்டால் செவ்வாய்க்கிழமை வரை காத்திருப்பதே மேல்.

ஃபயர்வால் பக்கத்து பிளாஸ்டிக்

ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் மெக்கானிக்குகள் முகம் சுளிக்கும் இடம் இது. 1999 முதல் வந்த சில்வராடோ, சியரா வண்டிகளில் ஹோஸ் கோரின் குழாயில் வெறும் கிளாம்போடு மாட்டப்படவில்லை. தட்டென்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று இருக்கிறது. தொழிற்சாலையில் வேகமாக மாட்ட அருமையான யோசனை. இருபது வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த பிறகு அதே பிளாஸ்டிக் பிஸ்கட்டாக நொறுங்குகிறது. ஹோஸ் நன்றாக இருந்து இணைப்பு மட்டும் உடைந்து கூலன்ட் கொட்டுவது இந்த வண்டிகளில் அடிக்கடி கேள்விப்படுவதுதான்.

ஆகவே ஹோஸ் வாங்கும்போதே இந்த இணைப்புக்கும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வழிகள் மூன்று.

புது பிளாஸ்டிக் இணைப்போடு சேர்ந்து வரும் முழு ஹோஸ் வாங்கலாம். எளிது, அசல் மாதிரியே பொருந்தும், அடுத்த பத்துப் பதினைந்து வருடம் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. இருபது வயது வண்டிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

இரண்டாவது, அதே அளவில் அலுமினியத்தில் கடைந்த மாற்று இணைப்பு. பலர் இதை விரும்புகிறார்கள். எனக்கும் இதில் குறை இல்லை, ஒன்றைத் தவிர. உள்ளேயிருக்கும் ஓ-ரிங் நல்லதாக இல்லையென்றால் உலோக உடம்பு எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை. பெயர் தெரியாத மலிவுப் பொருளில் கெடுவது பெரும்பாலும் அந்த ரப்பர் வளையம்தான்.

மூன்றாவது, இணைப்பையே ஒதுக்கிவிட்டு ஹோஸைக் கோரின் குழாய்மேல் நேரடியாக ஏற்றிக் கிளாம்ப் போடுவது. குழாயில் இணைப்பு பூட்டுவதற்கென்று இருக்கும் புடைப்பு வளையம் ஹோஸ் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். அடிக்கணக்கு ஹோஸ் போடுபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் கோரின் குழாய் மெல்லியது. கிளாம்பை வேகத்தில் முறுக்கினால் குழாய் நசுங்கும். நசுங்கினால் கோர், கோர் என்றால் டேஷ்போர்டு.

எந்த வழியானாலும் பழைய இணைப்பைக் கழற்றுவதில்தான் கைப்பக்குவம். அதற்கென்று ஒரு சிறு விடுவிப்புக் கருவி உண்டு, விலை அதிகமில்லை. இல்லாமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் இணைப்பு உடைந்து ஒரு துண்டு கோரின் குழாயிலேயே மாட்டிக்கொள்ளும். பழைய இணைப்பைக் காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லை என்பதால் பொறுமையாக வெட்டித் துண்டு துண்டாக எடுப்பதும் நல்ல வழி. குழாயின்மேல் கத்தி படாமல் இருந்தால் போதும். துண்டுகள் உள்ளே விழாமல் ஒரு துணியால் வாயை அடைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துணியை எடுக்க மறக்காதீர்கள் என்று சொல்லவும் வேண்டியிருக்கிறது.

சாதாரணக் கிளாம்ப் உள்ள பக்கத்திலும் பழைய ஹோஸைப் பிடித்து முறுக்கி இழுக்கும் பழக்கம் வேண்டாம். பத்து வருடம் சூட்டில் ஒட்டிய ரப்பர் விடாது, குழாய்தான் திரும்பும். ஹோஸை நீளவாக்கில் கீறி, தோலை உரிப்பது போல உரித்தெடுங்கள். எப்படியும் குப்பைக்குப் போகிற பொருள்.

கிளாம்ப்

பெரும்பாலோர் கடைசியில் யோசிக்கும் விஷயம். கடையில் கேட்டால் திருகு இறுக்கும் பட்டைக் கிளாம்ப் ஒரு பாக்கெட்டைத் தூக்கிக் கொடுப்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்ததோ பெரும்பாலும் வில் கிளாம்ப், பிளையரால் காதுகளைப் பிடித்து விரிக்கும் வகை. கழற்றச் சிரமம் என்று அதைத் தூக்கியெறிந்துவிட்டு திருகு கிளாம்ப் போடுவது மேம்பாடு என்று பலர் நம்புகிறார்கள். குளிர்நாட்டில் அது பெரும்பாலும் பின்னடைவுதான்.

ரப்பர் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். நாளாக ஆக கிளாம்பின் அடியில் அமுங்கி மெலியவும் செய்யும். வில் கிளாம்ப் இந்த மாற்றங்களோடு தானும் விரிந்து சுருங்கி ஒரே அளவாகப் பிடித்துக்கொண்டிருக்கும். திருகு கிளாம்ப் நீங்கள் இறுக்கிய அன்றைய அளவிலேயே நிற்கும். மைனஸ் 25 டிகிரி காலையில் ரப்பர் சுருங்க, கிளாம்ப் அப்படியே இருக்க, நடுவில் விழும் மயிரிழை இடைவெளியில் கூலன்ட் சொட்டும். எஞ்சின் சூடானதும் ரப்பர் விரிந்து கசிவு நின்றுவிடும். கராஜுக்குக் கொண்டுபோய்ச் சூடாக நிறுத்தினால் மெக்கானிக் கண்ணில் எதுவும் படாது. "காலையில் மட்டும் சொட்டுகிறது, பகலில் இல்லை" என்ற புலம்பலுக்குக் காரணம் பலமுறை இதுதான்.

பழைய வில் கிளாம்பில் துரு இல்லை, விறைப்பு குறையவில்லை என்றால் அதையே திரும்பப் போடலாம். சாலை உப்பில் துருப்பிடித்திருந்தால் அதே அளவில் புதிது. எட்டாத இடத்தில் வில் கிளாம்ப் போட முடியாமல் திருகு வகைதான் வேண்டுமென்றால் முழுத் துருவேறா எஃகில், உட்புறம் மழமழவென்ற பட்டை உள்ளதை வாங்குங்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் சாதாரணப் பட்டை ரப்பரைக் கடித்து வெட்டும். வண்டி சில தடவை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு, குளிர்ந்த நிலையில் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். சூடேற்றினால் சுருங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையக் கிளாம்பும் இருக்கிறது. நன்றாக வேலை செய்யும், ஆனால் சூட்டுத் துப்பாக்கி வேண்டும், ஒருமுறை போட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஃபயர்வால் ஓரத்தில் சூட்டுத் துப்பாக்கி காட்ட நான் தயங்குவேன், சுற்றிலும் வயரும் பிளாஸ்டிக்கும்.

சிலிக்கன், ஒட்டு, சுற்றுவழி

சிலிக்கன் ஹோஸ் நீலத்திலும் சிவப்பிலும் பார்க்க அழகு. 175 டிகிரி வரை தாங்கும், ரப்பரைப் போல உள்விரிசல் விழாது. நாளெல்லாம் ஓடும் நகரப் பேருந்துகளுக்கும் கனரக லாரிகளுக்கும் அதில் கணக்கு இருக்கிறது. பிக்கப்புக்கு? கூலன்ட் 125 டிகிரியைத் தாண்டினால் உங்கள் பிரச்சினை ஹோஸ் அல்ல. விலை பல மடங்கு. சிலிக்கன் சுவர் வழியே கூலன்ட் ஆவி மெல்ல மெல்ல வெளியேறும், அளவு குறைந்துகொண்டே வரும், கசிவைத் தேடினால் கிடைக்காது. ரப்பரைவிட மென்மையானது என்பதால் சாதாரணத் திருகு கிளாம்ப் அதை வெட்டிவிடும். எண்ணெயும் அதற்குப் பகை. வண்டி பத்து லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும் என்ற திட்டம் இருந்தால் யோசியுங்கள்.

ஒட்டுப்போடுவது: கெட்ட இடத்தை வெட்டியெடுத்துவிட்டு நடுவில் பித்தளை இணைப்பு, இரண்டு பக்கமும் கிளாம்ப். நெடுஞ்சாலையில் நின்றுபோனவருக்கு இது வரம். எலி கடித்ததாலோ எங்கோ உரசியதாலோ போன ஹோஸ், மற்றபடி புதிது என்றால் ஒட்டே போதும். வயதால் போன ஹோஸில் ஒரு இடத்தை ஒட்டினால் அடுத்த வாரம் இன்னொரு இடம் போகும். இரண்டு ஹோஸும் ஒரே நாளில் தொழிற்சாலையில் மாட்டப்பட்டவை, ஒரே சூட்டில் வெந்தவை. ஒன்றை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் என்பதும் இதே கணக்குத்தான், இரண்டாம் தடவை கூலன்ட் இறக்கி ஏற்றும் செலவு மிச்சத்தை விழுங்கிவிடும்.

சுற்றுவழி என்பது ஹீட்டர் கோரையே ஒதுக்கிவிட்டு, பம்ப்பின் இரண்டு முனைகளையும் ஒரே ஹோஸால் வளைத்து இணைப்பது. கோர் ஓட்டையாகி, மாற்றக் காசு சேரும் வரை கோடையில் ஓட்ட இது பயன்படும். முனைகளை அடைத்துவிடாமல் வளைத்து இணைப்பது நல்லது, அந்த ஓட்டம் எஞ்சினின் சுற்றோட்டத்தில் ஒரு பகுதி. நவம்பருக்குப் பிறகு இப்படி ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கசிவடைக்கும் திரவம் ஊற்றலாமா என்றால், அது அடைக்கும்தான். கோரின் ஒடுங்கிய குழல்களையும் சேர்த்து அடைக்கும்.

வேறு பிக்கப் என்றால் கணக்கு மாறும்

மேலே சொன்னதெல்லாம் கை எட்டும் வண்டிக்கு. 1997 முதல் 2003 வரையிலான ஃபோர்டு எஃப்-150, 4.6 அல்லது 5.4 லிட்டர் வி8 என்றால் கதை வேறு. ஹீட்டர் ஹோஸின் ஒரு பகுதி எஞ்சினின் பின்புறம், ஃபயர்வாலுக்கு நெருக்கத்தில் ஒளிந்திருக்கிறது. அது கசிந்தால் கூலன்ட் பயணி பக்கத்துக் கடைசி ஸ்பார்க் பிளக்கான நான்காம் எண்ணின் குழிக்குள் இறங்கும். வண்டி உதறும், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் போய்விட்டது என்று அதை மாற்றுவார்கள், சில நாளில் மறுபடியும் உதறும். இந்த வண்டியில் வளைந்த சிறு ஹோஸுக்குப் பதிலாக நேர்குழாய் போடவே வேண்டாம். அசல் வடிவம்தான், முடிந்தால் அனுபவப்பட்ட கையால்.

1996 முதல் 1999 வரையிலான ஷெவி பிக்கப்பில் வொர்டெக் 5.7 எஞ்சின் என்றால், ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் பாகம்) சேரும் இடத்து வார்ப்பு உலோக இணைப்புக்குப் பயப்படுங்கள். உள்ளே அரித்துப்போய், கை பட்டதும் முறிந்து, மரைப்பகுதி மட்டும் மேனிஃபோல்டிலேயே தங்கிவிடும். ஹோஸ் வாங்கும்போதே அந்த இணைப்பையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டு, மரை எடுக்கும் கருவியும் கையில் இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, கடை மூடும் நேரத்தில் தொடங்க வேண்டாம்.

பழைய டொயோட்டா டகோமாவில் ஹோஸ் வழியில் ஹீட்டர் வால்வு ஒன்று உண்டு. ஹோஸ் சாதாரணமானது, மாற்றச் சுலபம், ஆனால் பிளாஸ்டிக் வால்வு வயதானால் ஹோஸை உருவும்போதே உடையலாம். அதற்கும் சேர்த்துப் பணம் எடுத்துப் போங்கள். எந்த வண்டியானாலும், ஹீட்டர் ஹோஸை வெட்டி நடுவில் பொருத்தும் வகை எஞ்சின் சூடேற்றி இருந்தால் அதன் இணைப்புகளையும் எண்ணிக் கிளாம்ப் வாங்குங்கள்.

நீங்களா, கராஜா

சில்வராடோ போல எட்டும் இடத்தில் ஹோஸ் இருந்து, பிளையர் பிடித்துப் பழக்கமும் இருந்தால் அரை நாளில் வீட்டு வாசலிலேயே முடிக்கலாம். பொருள் செலவு கராஜ் பில்லில் சிறு பகுதிதான், மீதி கூலி. எஃப்-150 பின்பக்க ஹோஸும் வொர்டெக் இணைப்பும் கராஜ் வேலை. நடுவில் ஒரு வழி இருக்கிறது, பலர் அதைக் கேட்பதில்லை: வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஹோஸ் எதற்காவது வண்டி கராஜுக்குப் போகிறதென்றால் ஹீட்டர் ஹோஸையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். கூலன்ட் எப்படியும் இறங்கியிருக்கும், கூடுதல் கூலி குறைவாகத்தான் வரும். கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தக் கிளாம்ப் போடுவீர்கள்? ஃபயர்வால் இணைப்பு புதிதா, பழையதா? இந்த இரண்டுக்கும் தயங்காமல் பதில் வந்தால் நம்பிக் கொடுக்கலாம்.

வீட்டில் செய்பவர்கள் சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. ஹோஸ் ஏற மறுத்தால் சிறிது கூலன்ட் தடவுங்கள், கிரீஸும் ஆயிலும் வேண்டாம். நிரப்பும்போது அந்த வண்டிக்குச் சொன்ன கூலன்ட்டையே ஊற்றுங்கள். இந்த சில்வராடோவுக்கு அது ஆரஞ்சு நிற டெக்ஸ்-கூல் வகை. பச்சையோடு கலந்தால் அதன் நீண்ட ஆயுள் போய்விடும். ஆனால் இப்போது நிறத்தை மட்டும் நம்ப முடியாது, டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சரிபாதிக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. செறிவு கூடினால் இன்னும் நல்லது என்று முழுக் கூலன்ட்டையே ஊற்றுவது தவறு. தண்ணீர் கலக்காத கூலன்ட் மைனஸ் 13 டிகிரிப் பக்கமே உறையத் தொடங்கும்.

பிறகு காற்று வெளியேற்றுவது. முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி வண்டியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓட விடுங்கள். கூலன்ட் தொட்டியில் குமிழி வருவது நிற்கும் வரை அளவு பார்த்து ஊற்றுங்கள். ஓடும்போது சூடும் நிற்கும்போது குளிரும் வந்தால் காற்று இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மறுநாள் காலை, எஞ்சின் ஆறிய பிறகு தொட்டியின் அளவை ஒருமுறை பாருங்கள், முதல் சில நாட்களில் கொஞ்சம் இறங்குவது வழக்கம்.

இறக்கிய பழைய கூலன்ட்டைத் திறந்த தட்டில் வாசலில் விட்டு வைக்காதீர்கள். அதன் இனிப்புச் சுவைக்கு நாயும் பூனையும் வந்து குடிக்கும், கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் போய்விடும். மூடியுள்ள கேனில் ஊற்றி, ஊரின் அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். அடிக்கணக்கு ஹோஸ் வாங்கியிருந்தால் மீந்த துண்டையும், இரண்டு கிளாம்ப்களையும், ஒரு பித்தளை இணைப்பையும் பின் சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள்.